குளத்தை மூடுவது எதற்காக?

செம்பனை ஆலைக்குப் பக்கத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையை விளக்கத் தேவையில்லை. புளித்த கஞ்சியும் காய்ந்த எண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்த வாடை அது. வெயில் தாழ்ந்ததும் எழும்பும், கொடியில் காயும் துணியில் ஏறிக்கொள்ளும். மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங்கைச் சுற்றியுள்ள கோலலங்காட் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்துப் பிள்ளைகள் நாங்கள். ஆலைக்குப் பின்னால் வரிசையாக வெட்டியிருந்த குளங்கள் எங்களுக்கு விலக்கப்பட்ட இடம். முதல் குளத்தின் மேல் பழுப்பு ஏடு தடித்துக் கிடக்கும், அதன் நடுவே அங்கங்கே கொப்புளம் எழுந்து உடையும். குளங்களைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர், கல்லை ஓங்கிய என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போடாதடா தம்பி, கீழ உயிர் இருக்கு" என்றார். பேய் என்று நினைத்து ஓடிவிட்டேன். அவர் சொன்னது பாக்டீரியாக்களை என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின.

இன்று அந்தக் குளங்களை மூடி, கொப்புளத்தில் வரும் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பயோகேஸ் என்றாலே "கழிவிலிருந்து மின்சாரம்" என்றுதான் எழுதுகிறார்கள். இந்தத் தலைப்பு தவறான இடத்தில் நம் கண்ணைத் திருப்புகிறது என்பது என் எண்ணம். அதைக் கணக்குப் போட்டே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கழிவு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். குலைகள் ஸ்டெரிலைசருக்குள் போய் ஏறக்குறைய 140 பாகை நீராவியில் வேகும். பழம் குலையிலிருந்து கழன்று வரவும், எண்ணெயைக் கெடுக்கும் நொதிகள் சாகவும் இந்த வேக்காடு வேண்டும். அதிலிருந்து வடியும் நீர் ஒரு பங்கு. பிழிந்த எண்ணெயை வெந்நீர் சேர்த்துத் தெளியவைக்கும்போது அடியில் தங்கும் சகதி நீர்தான் பெரும்பங்கு, மொத்தத்தில் அறுபது விழுக்காட்டை ஒட்டி வரும். பருப்பையும் ஓட்டையும் பிரிக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சேரும். ஒரு டன் குலையை ஆட்டினால் 200 கிலோ எண்ணெய் கிடைக்கிறது என்றால், கூடவே 600 முதல் 700 லிட்டர் கழிவுநீரும் வருகிறது. வெளியே வரும்போது 80, 90 பாகைச் சூடு, நல்ல புளிப்பு. இதில் நஞ்சு எதுவும் சேர்ப்பதில்லை. நீரும் நீராவியும் பழச்சதையும் எண்ணெயும்தான். ஆனால் இது ஆற்றில் விழுந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஆக்சிஜன் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பசியின் அளவுதான் பிஓடி. வீட்டுச் சாக்கடையின் பிஓடி லிட்டருக்கு இருநூறு, முந்நூறு மில்லிகிராம். செம்பனை ஆலைக் கழிவுக்கு அது 25,000.

1970களில் இந்தக் கழிவு அப்படியே ஆறுகளில்தான் போயிற்று. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. 1978 ஜூலையில் அமலுக்கு வந்தபோது முதல் ஆண்டின் பிஓடி வரம்பு 5,000, படிப்படியாக இறங்கி 1984இல் 100. கழிவின் பளுவுக்கு ஏற்ப உரிமக் கட்டணமும் வைத்தார்கள். உலக அளவில் பாடமாகச் சொல்லப்படும் வெற்றி இது. எண்ணெய் உற்பத்தி பெருகிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் ஆறுகளில் விழுந்த பளு சரிந்தது. இந்த வெற்றியில் ஒரு விவரத்தை நாம் மறந்துவிடக் கூடாது. விதிகள் புது ஆலைக்கு மட்டும் என்று வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒவ்வோர் ஆலையும் கட்டுப்பட வேண்டியிருந்தது.

அந்த வரம்பை எட்ட ஆலைகள் கண்டுபிடித்த மலிவான வழிதான் நான் கல் எறியப் போன குளம். ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்கு வெட்டி, கழிவை அதில் ஐம்பது அறுபது நாள் கிடக்கவிட்டால், காற்றில்லா அடியில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடும். மின்சாரம் வேண்டாம், ஆள் அதிகம் வேண்டாம், நிலம் இருந்தால் போதும். தோட்டத்தில் நிலத்துக்கா பஞ்சம்? ஆனால் தின்றது எங்கே போகிறது? அந்தக் கொப்புளத்தில் அறுபது விழுக்காடு மீத்தேன். கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் நூறாண்டுக் கணக்கில் ஏறக்குறைய 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. லங்காட் ஆற்றில் விழ வேண்டிய பளுவை நாற்பதாண்டுகளாக வானத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். விதியை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்று அவர்கள் முன் இருந்தது செத்துக்கொண்டிருந்த ஆறு.

குளத்தை மூடும் நுட்பம் புதிதும் அல்ல. ஜொகூர் மாசாயில் கெக் செங் ஆலை 1984லேயே மூடிய தொட்டியில் வாயு எடுத்தது. சிலாங்கூரில், 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்த தென்னமாரத்திலும் அதே பத்தாண்டில் செய்து பார்த்தார்கள். நாற்பதாண்டு பழகிய ஒரு வேலையை இன்னும் புதுமை என்று சொல்லிக்கொண்டிருப்பதே எங்கோ தடை இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இனி பயோகேஸைப் பற்றிச் சொல்லப்படும் கூற்றுகளில் முதலாவதை எடைபோடுவோம்: எண்ணெய்ப் பிசுக்குள்ள கழிவுதான் வாயுவுக்கு மிகச் சிறந்த தீனி என்பது. வேதியியல் கணக்கில் இது உண்மை. ஒரு கிலோ மாவுச்சத்து முழுதாகச் செரித்தால் அரைக் கனமீட்டருக்கும் குறைவான மீத்தேன் வரும். ஒரு கிலோ எண்ணெய் செரித்தால் ஒரு கனமீட்டர். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கழிவுநீரில் இதே முறையில் வாயு எடுக்கின்றன. அவர்களுடைய மாவுச்சத்தோடு ஒப்பிட்டால் நம் எண்ணெய் இருமடங்கு பொருள். ஆனால் ஏட்டுக் கணக்கு வேறு, தொட்டிக்குள் நடப்பது வேறு. மாவுச்சத்து சீக்கிரம் புளித்துச் சீக்கிரம் வாயுவாகும். எண்ணெய் முதலில் கிளிசராலாகவும் நீண்ட கொழுப்பு அமிலங்களாகவும் உடைய வேண்டும். செம்பனையில் அவை பெரும்பாலும் பால்மிடிக், ஒலேயிக் அமிலங்கள். அந்த நீண்ட சங்கிலியை ஒருவகை பாக்டீரியா இரண்டிரண்டு கண்ணியாகக் கடித்துத் துண்டாக்கும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அந்த ஹைட்ரஜனை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உடனுக்குடன் எடுத்துக்கொண்டால்தான் முதல் கூட்டத்துக்கு வேலை ஓடும். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்பார்.

இந்த இடத்தில்தான் எண்ணெய் எதிரியாகிறது. கொழுப்பு அமிலம் மிகும்போது, எண்ணெய் பூசிய கையில் தண்ணீர் ஒட்டாதது போல நுண்ணுயிரின் மேல் படலமாகப் படிந்து தீனி உள்ளே போகாமல் தடுக்கும். மேலும் பிசுக்கு ஏறிய சகதி கனமிழந்து மிதக்கும், வெளியேறும் நீரோடு போய்விடும். மாதக்கணக்கில் வளர்த்த கூட்டம் இரண்டு வாரத்தில் கரைந்துபோகும். எஞ்சியவை அமிலத்தை விழுங்க முடியாமல் திணற, 7ஐ ஒட்டி இருக்க வேண்டிய பிஎச் சரியும், வாயு நின்றுபோகும். மறுபடி எழுப்ப நல்ல தொட்டியிலிருந்து சகதி கொண்டுவந்து ஊற்றி, பச்சைக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுக்க வேண்டும். அறுவடை கூடும் மாதங்களில் கழிவு வெள்ளமாக வருவதும், பெருநாள் விடுமுறையில் ஆலை நின்றால் வராமலே போவதும் இந்தக் கூட்டத்துக்குத் தாங்காத சோதனைகள்.

உயிரியலை விட்டுப் பணக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ எண்ணெய் தரும் ஒரு கனமீட்டர் மீத்தேனை நல்ல என்ஜினில் எரித்தால் நான்கு யூனிட் மின்சாரம். சிறு பயோகேஸ் நிலையங்களுக்கு அரசு வைத்த அடிப்படை விலை யூனிட்டுக்கு 32 சென். ஆக, ஒரு ரிங்கிட் 28 சென். அதே ஒரு கிலோ கச்சாச் செம்பனை எண்ணெய் அண்மை ஆண்டுகளில் நான்கு ரிங்கிட்டை ஒட்டி விற்றது. கழிவிலிருந்து மீட்ட எண்ணெய் தரத்தில் தாழ்ந்தது, விலையும் குறையும். பாதி விலைக்கே போனாலும் எரிப்பதைவிட விற்பது மேல். ஐரோப்பியப் பயோடீசல்காரர்கள் இந்தக் கழிவெண்ணெயைத் தேடி வாங்குகிறார்கள். எனவே எண்ணெயை முதலிலேயே வழித்தெடுப்பதுதான் அறிவு. அது தொட்டிக்கும் நல்லது, கல்லாப்பெட்டிக்கும் நல்லது. "எண்ணெய்க் கழிவே தங்கச் சுரங்கம்" என்ற வாதம் இந்த இடத்தில் தோற்கிறது. வழித்த பிறகும் கரைந்து கிடக்கும் சர்க்கரையும் நாரும் புரதமும் மீந்த பிசுக்குமே ஒரு கனமீட்டர் கழிவுக்கு 28 கனமீட்டர் என்ற வழக்கமான கணக்கை ஒட்டி வாயு தரப் போதும்.

இப்போது ஒரு முழு ஆலைக்குக் கணக்கிடுவோம். மணிக்கு 60 டன் ஆட்டும் ஆலை, ஆண்டுக்கு 5,000 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம் டன் குலை, ஏறக்குறைய 1,95,000 கனமீட்டர் கழிவு, 54 லட்சம் கனமீட்டர் வாயு. மின்சாரமாக்கினால், என்ஜின் நிற்கும் நேரம் போக, ஆண்டுக்கு ஒரு கோடியே பத்து லட்சம் யூனிட், 32 சென் விலையில் 35 லட்சம் ரிங்கிட். பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் தொட்டி, வாயுச் சுத்திகரிப்பு, என்ஜின், மின்கம்பி இணைப்பு, ஆள், உதிரிப் பாகம் என்று செலவும் கூடவே வரும். ஆலைக்கோ இந்த மின்சாரம் தேவையே இல்லை. பிழிந்த நாரையும் பருப்பு ஓட்டையும் பாய்லரில் எரித்தே அது தன் நீராவியையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கிறது. விற்றால்தான் காசு. விற்கக் கம்பி பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதே ஆலையின் மீத்தேன் 2,200 டன். 28ஆல் பெருக்கினால் 60,000 டன் கரியமில வாயுவுக்குச் சமம். திறந்த குளத்தில் அவ்வளவும் வெளிவராது என்று கால்பங்கு கழித்தாலும் 45,000 டன் நிற்கும். அந்த மின்சாரம் நிலக்கரியும் எரிவாயுவும் கலந்த தீபகற்ப மின்கட்டத்தில் மிச்சப்படுத்துவதோ 8,000 டன்னை ஒட்டித்தான் வரும். அதாவது நன்மையின் பெரும்பகுதி வாயுவைப் பிடித்து எரிப்பதிலேயே கிடைத்துவிடுகிறது. என்ஜின் வாங்காமல் ஃபிளேர் என்ற எரிகுழாயில் எரித்தாலும் போதும். மின்சாரம் சேர்ந்தால் நல்லது, ஆனால் அது இதன் உயிர்நாடி அல்ல. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அரசின் கொள்கையைப் பாருங்கள், அதன் குறை பளிச்சென்று தெரியும்.

2010இல் அறிவித்த பொருளாதார உருமாற்றத் திட்டத்தில், 2020க்குள் எல்லாச் செம்பனை ஆலைகளிலும் பயோகேஸ் என்று இலக்கு வைத்தார்கள். 2011இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்து, பயோகேஸ் மின்சாரத்தைப் பதினாறு ஆண்டுக்கு உறுதி விலையில் வாங்கும் ஏற்பாடு தொடங்கியது. 2014 ஜனவரி முதல் புது ஆலைகளும், ஆட்டும் அளவைக் கூட்ட விண்ணப்பிக்கும் ஆலைகளும் வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை விதித்தது. 2020 வந்தது. நாட்டின் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளில் வாயு பிடித்தவை மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்பது இப்போது புரிகிறது. உறுதி விலை மின்கம்பிக்கு அருகில் இருந்த பெரிய ஆலைகளைத் தேர்ந்தெடுத்தது. கம்பியிலிருந்து தள்ளி உள்ளே கிடக்கும் ஆலைக்கு அந்த விலையில் லாபம் இல்லை, ஆனால் அதன் குளத்து மீத்தேனும் அதே மீத்தேன்தான். 2014 நிபந்தனையோ ஓடிக்கொண்டிருந்த பழைய ஆலையை அது இருந்தபடியே இருக்கவிட்டது. விரிவாக்க விண்ணப்பம் போடாத வரை பழைய குளத்துக்குக் கேள்வியில்லை. 1977இல் ஆற்றுக்காகச் செய்த துணிவை 2014இல் வானத்துக்காகச் செய்யவில்லை. 2021இல் உலக மீத்தேன் உறுதிமொழியில் மலேசியாவும் சேர்ந்தது. அந்த உறுதிமொழிக்குக் கையில் இருக்கும் நேரான வழி பழைய குளங்கள்தான்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மூடிய குளம் பராமரிப்பில்லாமல் கிடந்தால் திறந்த குளத்தைவிட நல்லது என்று சொல்ல முடியாது. குளத்தை மூடிய கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு வாயுவால் உப்பி நிற்கும். அதன் மடிப்புகளில் மழைநீர் தேங்கும், பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பு கிழிந்தால் வாயு சத்தமின்றிக் கசியும். வாயுவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் இரண்டாயிரம் பங்கு வரை இருக்கும். ஸ்கிரப்பரில் நீக்காவிட்டால் என்ஜினை அரித்துவிடும். மனிதரையும் கொல்லும். அழுகிய முட்டை வாடை வந்தால் ஓடிவிடலாம், ஆனால் அளவு மிகும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. பள்ளத்தில் இறங்கியவர் எழுந்து வர மாட்டார். குளத்தோரம் வேலை செய்யும் ஆட்களுக்குக் கழுத்தில் மாட்டும் வாயு அளவி இல்லாத இடத்தில் இந்தத் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

வாயுத் தொட்டி நீரையும் சுத்தம் செய்கிறது என்ற கூற்றும் பாதிதான் உண்மை. நல்ல தொட்டி பிஓடியில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் எடுத்துவிடும். அப்படியும் 25,000இல் மீதி ஆயிரம், இரண்டாயிரம் நிற்கிறது. ஆற்று வரம்பு 100, சபா சரவாக்கில் 20 வரை இறக்கியிருக்கிறார்கள். நைட்ரஜனும் பொட்டாசியமும் அப்படியே இருக்கும், நிறம் தேநீர்ப் பழுப்பு. அதனால் பின்னால் காற்றூட்டும் குளம் வேண்டும், அல்லது மரங்களுக்கு இடையே கால்வாய் வெட்டி உரநீராகப் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சுவதே எனக்குப் பிடித்த வழி. மண்ணிலிருந்து வந்த சத்து மண்ணுக்கே போகிறது. மழைக்காலத்தில் மட்டும் வழிந்து வாய்க்காலில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பகுதிக்கு வருவோம். பூலாவ் கேரித் தீவும் அதைச் சூழ்ந்த கரையோரமும் கடல் களிமண், தாழ்ந்த நிலம், கரை கட்டிக் கடல்நீரைத் தடுத்து வைத்த தோட்டங்கள். நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கிறது. இங்கே ஆழக் குளம் வெட்டி அடியில் லைனர் என்ற பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவது எளிதல்ல, அடியிலிருந்து நீர் லைனரைத் தூக்கும். எனவே இங்கே செலவு கூடினாலும் தரைக்கு மேல் நிற்கும் எஃகுத் தொட்டிதான் பொருத்தம் என்பேன். இதற்கு ஈடாக வேறு இடங்களுக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு உண்டு. தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையும் கிள்ளான் துறைமுகப் பகுதியும் கூப்பிடு தூரம். பாய்லர் ஓட்டும் தொழிற்சாலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 2015இல் சிலாங்கூரின் வடக்கே சுங்கை தெங்கி ஆலையில் பயோகேஸைச் சுத்தப்படுத்தி, அழுத்தி, லாரியில் ஏற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பும் நிலையம் தொடங்கப்பட்டது. மின்சாரமாக்கும்போது வாயுவின் வெப்பத்தில் அறுபது விழுக்காட்டை இழக்கிறோம். நேரடியாகப் பாய்லரில் எரித்தால் அந்த இழப்பு பெரிதும் குறையும். பந்திங் வட்டாரத்துக்கு மின்கம்பியைவிட இந்த வழிதான் ஏற்றது.

சிறு உணவுத் தொழிற்சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முறுக்கு, மீ, பொரித்த கோழி செய்யும் இடங்களின் கழிவுநீரும் எண்ணெய் நீர்தான். ஆனால் அளவு குறைவு, சோப்பு கலந்தது, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம். ஒவ்வொருவரும் தொட்டி கட்டச் சொல்வது அநியாயம். எண்ணெய்ப் பொறியில் மேலே திரளும் கொழுப்பை வாரம் ஒருமுறை வழித்துக் கழிவு சேகரிப்போரிடம் முறையாகக் கொடுத்தாலே கிள்ளான் சாக்கடைகளுக்குப் பெரிய உதவி.

ஆக என் தீர்ப்பு இது. குளத்தை மூட வேண்டும், எல்லா ஆலையிலும், பழையது புதியது பாராமல். ஆனால் அதை மின்சார வணிகமாக வைத்து லாபம் பார்த்துச் செய்யச் சொல்லக் கூடாது. 1977இல் பிஓடிக்குச் செய்தது போல ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் மீத்தேன் வரம்பும், வரம்பு மீறினால் டன்னுக்கு இவ்வளவு என்ற கட்டணமும் வேண்டும். எண்ணெயை முன்னால் எடு, வாயுவைப் பிடி, பக்கத்தில் பாய்லர் இருந்தால் கொடு, கம்பி இருந்தால் மின்சாரமாக்கு, இரண்டும் இல்லையென்றால் எரித்துவிடு. இப்படி வரிசைப்படுத்தினால் உள்ளே கிடக்கும் சிறிய ஆலைக்கும் என்ஜின் செலவில்லாத ஒரு வழி பிறக்கும். சிறு உரிமையாளருக்கு அரசு உதவி வேண்டுமென்றால், யூனிட்டுக்குக் கொடுக்கும் விலையைவிடத் தொட்டிக்குக் கொடுக்கும் கடன்தான் நியாயமான இடத்தில் போய்ச் சேரும்.

இதைச் சரிபார்க்க இன்று கருவி இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. வடிகாலில் ஒரு புட்டி நீர் எடுத்து, 30 பாகையில் மூன்று நாள் வைத்து பிஓடி பார்க்கும் முறை நாற்பதாண்டுகளாக நடக்கிறது. குளத்தின் மேல் காற்றைப் பார்க்கும் புட்டி இல்லை. வாயு எவ்வளவு வந்தது, எவ்வளவு எரிந்தது என்று இரண்டு மீட்டர்கள் போட்டு, அந்த இரண்டு எண்களையும் பிஓடி அறிக்கையோடு மாதந்தோறும் கேட்டாலே போதும். பகல் வெயிலில் ஃபிளேரின் சுடர் கண்ணுக்குத் தெரியாது. நின்று பார்த்தால் குழாய் வாயின் மேல் காற்று நடுங்குவது மட்டும் தெரியும். அதனால் ஆலைக்குள் போகும் அதிகாரி அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் பதிவேட்டைத் திறந்து கேட்க வேண்டும்: போன மாதம் என்ஜின் நின்ற நாட்களில் ஃபிளேர் எத்தனை மணி நேரம் எரிந்தது?